பத்துப் பேருக்கு அழைப்பு, பதினாலு பேருக்கு ஒத்திகை

பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. விண்ணப்பப் படிவங்களில் வரும், மேடைப் பதாகைகளில் வரும். இரண்டு நாட்டுக் கொடியையும் மேசையில் வைத்து, ஒரு நடனம் ஆடி, ஒரு நினைவுச்சின்னம் கொடுத்து, குழுப்படம் எடுத்தவுடன் பரிமாற்றம் முடிந்துவிடும். அப்படி முடிந்த நிகழ்ச்சிகளுக்குக் கதிரை அடுக்கிக் கொடுத்த ஆட்கள்தான் நாங்கள்.

இந்த முறை அழைப்பு எங்களுக்கே வந்தது. கொச்சியில் சவிட்டு நாடகம் ஆடுகிற ஓர் இளைஞர் குழு பத்து நாளுக்கு வரச் சொல்லிக் கேட்டிருந்தது. இருப்பிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, பயணச் செலவு எங்கள் பொறுப்பு. அடுத்த தை மாதம் அவர்கள் இங்கே வருவார்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் என்ன கொண்டு வருகிறீர்கள்? அதற்குக் கீழே இன்னொரு வரி: பத்துப் பேரைத்தான் தங்கவைக்க முடியும்.

நாங்கள் பதினாலு பேர்.

இந்த இரண்டு வரிக்கும் பதில் தேடிய நாலு மாதக் கதையைத்தான் எழுதுகிறோம். பயணம் இன்னும் தொடங்கவில்லை. போய் வந்த பிறகு எழுதலாம்தானே என்று கேட்கிறீர்களா? போய் வந்தால் கடல், ரயில், கொச்சிச் சாப்பாடு என்று எழுத வேறு நிறைய வந்துவிடும். அதற்குள் இது மறந்துபோய்விடக்கூடாது.

என்ன கொண்டு போறது?

மன்னாரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வாசிக்கிற, சண்டை பிடிக்கிற, இடைக்கிடை வீதி நாடகம் போடுகிற கூட்டம் எங்களுடையது. வயது பத்தொன்பதிலிருந்து இருபத்தேழு வரை. வேதக்காரர், சைவக்காரர், முஸ்லிம்கள் மூன்று பகுதியும் இருக்கிறோம். கடல் தொழிலுக்குப் போகிறவன் ஒருவன், அரச வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி, உயர்தரப் பரீட்சை எழுத இருக்கிறவன் ஒருவன், கைக்குழந்தையோடு ஒத்திகைக்கு வருகிற அக்கா ஒருவர்.

முதல் கூட்டத்திலேயே ஒரு மணித்தியாலம் வீணாய்ப் போனது. பரதம் என்றார்கள், ஒருவருக்கும் ஆடத் தெரியாது. சினிமாப் பாட்டுக்கு ஆடலாம் என்றார்கள், அது கொச்சியில் எங்களைவிட நல்லாய் ஆடுவார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு வீதி நாடகம் என்றார்கள். அப்போது கடல் தொழில் செய்கிறவன் மெல்லச் சொன்னான்:

"எங்கட அப்பு மூவிராசாக்கள் படிப்பார். முழுசும் தெரியும்."

மூவிராசாக்கள் கதை பலருக்கும் தெரியும். கிழக்கிலிருந்து மூன்று அரசர்கள் ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவைக் காணப் போகிறார்கள். வழியில் ஏரோது அரசன் வஞ்சகமாக விசாரிக்கிறான். பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை வைத்துவிட்டு, கனவில் வந்த எச்சரிக்கையால் அவர்கள் வேறு வழியால் ஊர் திரும்புகிறார்கள். மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் இதை விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்த மன்னார் நாடகங்களில் எண்டிறீக்கு எம்பரதோர், ஞானசவுந்தரி ஆகியவற்றோடு மூவிராசாக்களும் ஒன்று.

"வெளிநாடு போற மூண்டு பேரின்ர கதை. கையில பரிசும் கொண்டு போறாங்கள். இதைவிட என்ன வேணும்?" என்றாள் ஒருத்தி. கூட்டம் அதோடு முடிந்தது.

அண்ணாவியாரின் முற்றம்

அண்ணாவியாருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில் மண் முற்றம், ஒரு வேம்பு, ஒரு வாங்கு. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஆருக்கு ஆடப் போறியள்?"

கொச்சியில் உள்ள ஆட்களுக்கு என்றோம்.

"அவையளுக்குப் பிழை தெரியாது. கைதட்டிப்போட்டுப் போவினம். முதல்ல இந்த ஊருக்கு ஆடுங்கோ பிள்ளையள். பிழை தெரிஞ்ச சனத்துக்கு முன்னால ஆடினாப் பிறகு எங்க வேணுமெண்டாலும் போங்கோ."

அதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

முதல் இரண்டு கிழமை பாட்டே இல்லை. மணலில் நடந்தோம். ராசா நடக்கிற நடை வேறு, சேவகன் நடக்கிற நடை வேறு, தூதன் வருகிற நடை வேறு. காலைத் தூக்கி வைக்கும்போது மத்தளம் எங்கே அடிக்கிறது என்று காதுக்குத் தெரிய வேண்டும். சல்லரியை அவர் தன் கையில் வைத்துக்கொண்டார். யாராவது தாளம் விட்டால் சல்லரி நிற்கும். திட்ட மாட்டார், வேம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே எங்கள் கால் சரியாகிவிட்டது.

மூன்று அரசர்களில் இரண்டு பேர் எங்களில் பெண் பிள்ளைகள். அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டு இருந்தோம். அந்தக் காலத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்கள்தானே ஆடினார்கள். அவர் சிரித்தார்.

"நான் இளந்தாரியா இருக்கேக்க மாதாவா ஆடினனான். மீசையை வழிச்சுப்போட்டுத்தான் ஆடினனான். இப்ப நீங்கள் ராசாவா ஆடுங்கோ. கணக்குச் சரி."

அடுத்தது வெட்டுகிற வேலை. இரவு முழுக்க ஆடுகிற நாடகம், கொச்சியில் எங்களுக்குக் கிடைத்திருப்பது நாற்பது நிமிடம். நாங்கள் போட்டுக்கொண்டு போன பட்டியலில் அரசர்களின் வரவுப் பாட்டுகளை ஒவ்வொரு வரியாகக் குறைத்து, ஏரோதுவின் கோபத்தையும் சேவகர் ஆர்ப்பாட்டத்தையும் நீளமாக வைத்திருந்தோம். பார்க்கிறவர்களுக்கு அதுதான் விறுவிறுப்பு என்பது எங்கள் கணக்கு. அவர் பேனையை வாங்கி எதிர்ப்பக்கமாக வெட்டினார்.

"ஏரோதுவைக் குறை. வரவைக் குறையாதே. வாறது ஆரெண்டு சனத்துக்குத் தெரியாட்டி, பிறகு அவன் கோவிச்சாலென்ன, செத்தாலென்ன?"

இப்போது எங்கள் நாற்பது நிமிடத்தில் கிட்டத்தட்டப் பாதி, மூன்று பேர் தாங்கள் யார், எந்தத் தேசம், எதற்காகப் புறப்பட்டோம் என்று பாடி ஆடி வருவதுதான். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும் என்று பிறகுதான் பட்டது.

பலகையும் மணலும்

ஒரு பக்கம் ஆட்டம் பழகும்போது மற்றப் பக்கம் கொச்சியைப் பற்றி வாசித்தோம். கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும்.

சவிட்டு என்றால் மலையாளத்தில் மிதி. கேரளத்தின் நடுப்பகுதிக் கரையோரத்தில் லத்தீன் கத்தோலிக்கர் ஆடிவருகிற நாடகம் அது. போர்த்துக்கேயர் காலத்தில் உருவானது. வெல்வெட் உடுப்பும் முடியும் ஐரோப்பிய அரசர்கள்மாதிரி இருக்கும். சார்லமேன் மன்னனின் கதையைச் சொல்லும் கார்ல்மான் சரித்திரம் அதில் பேர்பெற்றது. மரப்பலகை மேடையில் ஆடுவார்கள். மிதிக்கிற சத்தம் பலகையில் முழங்க வேண்டும், அதுவே ஒரு வாத்தியம். இன்று கேரளப் பாடசாலைக் கலைவிழாக்களில் அது ஒரு போட்டி நிகழ்ச்சி, பெண்களும் ஆடுகிறார்கள்.

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். போர்த்துக்கேயர் 1503இல் கொச்சியில் கோட்டை கட்டினார்கள். 1560இல் மன்னார்த் தீவைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் எடுத்தார்கள், 1663இல் கொச்சியை எடுத்தார்கள். ஒரே கப்பல்காரர் வந்து, ஒரே கப்பல்காரர் துரத்தியிருக்கிறார்கள். எங்கள் நாடகத் தலைப்பில் நிற்கிற 'எம்பரதோர்' என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல்தான், பேரரசன் என்று அர்த்தம். நாங்கள் குசினி என்கிறோம், அவர்களும் குசினி என்கிறார்கள். எங்களுக்கு அலுமாரி, அவர்களுக்கு அலமார. எங்களுக்கு யன்னல், அவர்களுக்கு ஜனல்.

எல்லாவற்றையும்விட எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொன்று. சவிட்டு நாடகத்தைத் தொடக்கியவர் என்று அவர்கள் சொல்கிறவரின் பெயர் சின்னத்தம்பி அண்ணாவி. தமிழர் என்றுதான் அவர்களுடைய மரபு சொல்கிறது. பழைய பாட்டுகளின் மொழியும் தமிழும் மலையாளமும் கலந்தது.

அதைக் கண்ணால் கண்டது ஒரு சூம் அழைப்பில். அவர்கள் தங்கள் பாட்டு ஒன்றின் எழுத்துப் பிரதியை அனுப்பியிருந்தார்கள். மலையாள எழுத்து எங்களுக்கு வட்டம் வட்டமாகத்தான் தெரிந்தது. அங்கிருந்த பெண்ணொருத்தி அதை மெதுவாக வாசித்துக் காட்டினாள். மூன்றாவது வரியிலேயே அண்ணாவியார் போனுக்குக் கிட்டக் குனிந்தார். அவள் வாசிக்க வாசிக்க இவர் அர்த்தம் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் அமைதி. பிறகு அவர்களில் ஒருவன் சொன்னான், சின்ன வயதிலிருந்து இதைப் பாடுகிறோம், பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல்தான் பாடுகிறோம் என்று.

எங்கள் நாடகத்தில் எங்களுக்கு விளங்காத போர்த்துக்கேயச் சொல் இருக்கிறது. அவர்கள் நாடகத்தில் அவர்களுக்கு விளங்காத தமிழ்ச் சொல் இருக்கிறது. பரிமாற்றம் என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கியது அன்றைக்குத்தான். தெரிந்ததைக் காட்டுவதோடு அது முடிவதில்லை. எங்களுடையதில் எங்களுக்குத் தெரியாததை அவர்களிடமும் கேட்கலாம்.

அழைப்பு முடியும்போது அந்தப் பெண் 'நம்மள்' என்று ஏதோ சொன்னாள். மலையாளத்தில் 'ஞங்ஙள்' என்றால் கேட்கிறவரை விட்டுவிட்டு நாங்கள். 'நம்மள்' என்றால் கேட்கிறவரையும் சேர்த்து நாம். தமிழிலும் அந்த வித்தியாசம் இருக்கிறது, பேச்சில் நாங்கள் அதைக் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகு வட்ஸ்அப் குழுவின் பெயரை 'நாம்' என்று மாற்றினோம்.

1990

எங்களில் ஒருத்தி கட்டியகாரன் வேடம். அரசர்கள் வருமுன் வந்து சபைக்கு அறிவிக்கிற ஆள். குரல் எடுப்பாக இருக்க வேண்டும், அவளுக்கு இருக்கிறது. அவள் முஸ்லிம். வேதக்காரரின் கூத்து, வெளிநாட்டுப் பயணம், இரவு ரயில் என்று வீட்டில் மூன்று கேள்வி இருந்தது. ஒருநாள் அவளுடைய வாப்பா ஒத்திகை பார்க்க வந்தார். நாங்கள் பதற்றத்தோடு வாங்கைத் துடைத்துக் கொடுத்தோம்.

அவர் கடைசிவரை இருந்து பார்த்தார். பிறகு அண்ணாவியாரிடம் சொன்னார்: "சின்னனில நான் பின்னுக்கு இருந்து விடிய விடியப் பாத்திருக்கிறன் அண்ணாவியார். ஏரோது வந்தா ஓடி ஒளிச்சிடுவன்."

"எந்த வருசம் தம்பி?"

"எண்பத்தாறோ, ஏழோ. பிறகுதான் எல்லாரும் போயிட்டமே."

1990 நடுப்பகுதியில் சண்டை மூண்டபோது அண்ணாவியார் குடும்பத்தோடு வள்ளத்தில் ராமேஸ்வரம் போனார். மண்டபம் முகாமில் சில வருடம். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த வாப்பாவின் குடும்பம் புத்தளம் போனது. போர் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள். ஒருவர் கடலால் மேற்கே, ஒருவர் கரையால் தெற்கே. இரண்டு பேரும் அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. வள்ளத்தில் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று வாப்பா கேட்டார். கொப்பி என்றார் அண்ணாவியார். நாடகக் கொப்பி. பாதி நனைந்துபோனது. மிச்சம் தன் தலைக்குள் இருக்கிறது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

வாப்பா போகும்போது மகளிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "போய் வா. ஆனா குரலைக் கொஞ்சம் ஏத்து. பின்னுக்கு இருக்கிற பிள்ளையளுக்கும் கேக்க வேணும்."

அண்ணாவியாரையும் எங்களோடு வரச் சொல்லி மூன்று தரம் கேட்டோம். மூன்றாம் தரம் சொன்னார்: "நான் வெளிநாடு போனவன்தான் பிள்ளையள். அப்ப ஒருத்தரும் அழைக்கேல்லை. இப்ப அழைக்கினம். நீங்கள் போங்கோ." அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ஊருக்கு ஆடினது

ஜூலை கடைசியில் அந்தக் கிராமத்திலேயே ஆடினோம். மணல்தான் களரி. முன்னுக்குப் பாய், பின்னுக்குப் பிளாஸ்டிக் கதிரை. முடிகள் மட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டியவை. பழைய மர முடிகளை வள்ளத்திலோ கப்பலிலோ சுமந்து திரிய முடியாது.

பிழை தெரிந்த சனம் என்று அண்ணாவியார் சொன்னது எதை என்று அன்றைக்கு விளங்கியது. இரண்டாம் அரசன் ஒரு வரியை விட்டதும் முன் பாயிலிருந்து ஓர் ஆச்சி அந்த வரியை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் ஒத்திகையில் நினைத்தும் பார்க்கவில்லை. நாங்கள் வெட்டிய இடம் வந்ததும் ஆச்சிமார் நிற்கவில்லை, வெட்டின பாட்டையே பாடத் தொடங்கிவிட்டார்கள். மத்தளக்காரன் அண்ணாவியாரைப் பார்த்தான். அவர் சல்லரியை நிறுத்தவில்லை. அரசர்கள் மூன்று பேரும் தெரியாத பாட்டுக்கு நடை மட்டும் போட்டுக்கொண்டு வட்டம் சுற்றினார்கள். நாற்பது நிமிடம் ஒன்றேகால் மணித்தியாலம் ஆகியது.

முடிந்ததும் அந்த ஆச்சி எங்கள் ஏரோதுவின் கன்னத்தைப் பிடித்து, "நல்லாப் படிச்சாய் மோனை, ஆனா உனக்குக் கோவம் வரேல்லை" என்றார். அண்ணாவியாரின் முடிவு இன்னும் சுருக்கம்: "போகலாம்."

பத்து

பதினாலில் பத்து. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

மூன்று பேர் தாங்களாகவே சொன்னார்கள். உயர்தரப் பரீட்சை எழுதுகிறவன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆனவள். கைக்குழந்தையோடு வருகிற அக்கா. அக்கா சொன்னபோது ஒருவரும் உடனே சரி என்று சொல்லவில்லை. குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கொச்சிக்கு எழுதிக் கேட்டோம், அவர்களும் வரச் சொன்னார்கள். ஆனால் இரவு ரயிலையும் கப்பலையும் யோசித்துவிட்டு அக்காவே வேண்டாம் என்றார். அவர் எங்களுக்கு உடுப்புத் தைத்தவர், மூன்று அரசர்களுக்கும் பாட்டுப் பிழை திருத்தியவர்.

பதினொரு பேர் மிச்சம். இன்னும் ஒருவர் குறைய வேண்டும்.

குலுக்கல் போடலாம் என்று ஒருவன். ஆட்டம் நல்லாய் வருகிறவர்களை அண்ணாவியார் தெரிவு செய்யட்டும் என்று இன்னொருத்தி. காசு கட்ட முடிகிறவர்கள் போகலாம் என்ற யோசனையை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அது அறைக்குள் இருந்தது. அதனால் முதலில் அதைத்தான் தீர்த்தோம்: பயணச் செலவு முழுவதும் பொதுக் காசு, பதினாலு பேரும் இயன்றதைப் போடுவது, யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவருக்கு மட்டும் தெரியும். அதைத் தீர்த்த பிறகுதான் கதைக்க மூச்சு வந்தது.

கடல் தொழில் செய்கிறவன் எழுந்தான். அவன்தான் மூன்றாவது அரசன். எங்களில் நல்ல குரலும் அவனுடையதுதான்.

"நான் நிக்கிறன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். உன்னால்தானே இது தொடங்கினது, அண்ணாவியாரின் பேரன் போகாமல் நாங்கள் போவதா, தொழில் நட்டத்தை நாங்கள் பார்க்கிறோம். அவன் பகிடியாகத்தான் தொடங்கினான். "அந்தக் கடலை உங்கள் எல்லாரையும்விட எனக்குத் தெரியும். ஆனா கோட்டுக்கு இஞ்சால மட்டும்." 1974இலும் 1976இலும் இரண்டு நாடும் கடலில் கீறிய எல்லைக்கோடு அவனுக்குப் பாடப்புத்தக விஷயமில்லை, தினமும் ஜீபிஎஸ்ஸில் பார்க்கிறது. கோட்டைத் தாண்டி ஒருநாள் சட்டப்படி போய் வர அவனுக்கு எவ்வளவு ஆசை என்பது எங்களுக்குத் தெரியும்.

பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னான். ஊருக்கு ஆடின அன்றைக்கு ஆச்சிமார் பாடிய பாட்டில் இரண்டு அப்புவின் கொப்பியில் இல்லை. நனைந்துபோன பக்கம். அச்சுப் புத்தகத்தில் பார்த்தான், அதில் வேறு மாதிரி இருந்தது. அப்பு இப்போது பின்னேரத்தில் சொன்னதை இரவில் திருப்பிச் சொல்கிறார். ஒரு பாட்டைத் தொடங்கி இன்னொன்றில் முடிக்கிறார். "நீங்கள் பத்து நாள் போய் வாங்கோ. நான் இரவில அவரோட இருந்து எழுதிறன். தையில கொச்சிக்காரர் வரேக்க இஞ்ச விடிய விடிய ஆட வேணும் எண்டா ஆரிட்டப் பாட்டு இருக்கு?"

நாங்கள் அன்றைக்கு ஒரு முடிவும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு திரும்பவும் கேட்டோம், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டோம். அவன் மாறவில்லை. மூன்றாவது அரசனுக்கு வேறொருத்தி பழகினாள், பழக்கியதும் அவன்தான். இப்போது எங்கள் அரசர்கள் மூவரும் பெண்கள்.

நிற்கிற நாலு பேரும் சும்மா நிற்கவில்லை. பாட்டு எழுதுகிறவன் ஒருவன். அக்கா ஆச்சிமாரின் குரலைப் பதிவு செய்கிறார். மற்ற இருவரும் தை மாத ஏற்பாட்டைப் பார்க்கிறார்கள்: யார் வீட்டில் யார் தங்குவது, மூவிராசாக்கள் திருநாளில் எந்தக் களரியில் ஆடுவது, பலகை மேடை ஒன்று அடிக்க எவ்வளவு மரம் வேண்டும். அவர்கள் மிதிக்கிற ஆட்டத்தை எங்கள் மணலில் ஆடச் சொல்ல முடியாது.

கேள்வியும் பொதியும்

கடைசி மாதம் கேள்விகளுக்கு ஒத்திகை பார்த்தோம். கொச்சியில் எங்களிடம் கேட்கக்கூடியதை எல்லாம் சீட்டில் எழுதிப் போட்டு எடுத்தோம். நீங்கள் இந்தியாவிலிருந்து போனவர்களா? போர் நேரம் எங்கே இருந்தீர்கள்? இப்போது எப்படி இருக்கிறது? எங்களில் சிலர் 2009இல் குழந்தைகள், சிலர் முகாமில் இருந்தவர்கள், சிலர் புத்தளத்தில் பிறந்தவர்கள். ஒரே பதில் ஒன்றை எழுதி எல்லோரும் பாடமாக்குவதா என்று கேட்டபோது வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவரவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். 'ஈழத் தமிழர்களின் சார்பில்' என்று தொடங்கும் வசனம் எங்கள் அறிமுக உரையில் இருந்தது. அதை எடுத்துவிட்டோம். எங்களை யாரும் அப்படித் தெரிவு செய்து அனுப்பவில்லை. அந்தக் கிராமம் மட்டும் போகலாம் என்று சொல்லியிருக்கிறது.

இப்படிப் போக இருக்கிற வேறு குழுக்களுக்கு மூன்று சின்ன விஷயம். ஒன்று, அழைப்பு வந்த அன்றைக்கே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்களில் ஒருத்தியின் பெயர் இரண்டிலும் இரண்டு மாதிரி இருந்தது, அதைத் திருத்தித்தான் பாஸ்போட்டுக்குப் போட முடிந்தது. இரண்டு, காசுக் கதையை முதல் மாதமே வெளிப்படையாகக் கதையுங்கள். மூன்று, வீட்டுக்காரரை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். கடிதத்தால் விளங்கப்படுத்த முடியாததை அவர்கள் ஒரு பின்னேரம் இருந்து பார்த்து விளங்கிக்கொள்வார்கள்.

வழி இதுதான். மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம். அங்கிருந்து எர்ணாகுளம் போகும் இரவு ரயில். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய காலத்தை ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி போனது. எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து இந்தியா மிகக் கிட்ட. போக மட்டும் சுற்றித்தான் போக வேண்டும்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி. இந்தச் செய்தி ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் பொதி பெருத்துக்கொண்டே வருகிறது. இதுவரை இருபத்திரண்டு மெழுகுதிரிக்குக் காசு, ஏழு நேர்த்திக் கடிதம், ஒரு வெள்ளிக் கண். இன்னும் இருக்கிறது: கொச்சிக்காரருக்குப் பனங்கட்டி, பனையோலைப் பெட்டி பத்து, ஒடியல் மா, அதைக் கொண்டு கூழ் காய்ச்சத் தெரிந்த ஒரே ஒருவன். கருவாடு கொண்டு போகலாமா என்ற விவாதம் இரண்டு கூட்டம் நடந்தது. வேண்டாம் என்று தீர்மானம். மத்தளத்துக்குப் பழைய சேலையால் உறை. ஒரு பெட்டியில் மூன்று முடி.

அப்புவின் பேரன் இன்று வரை நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறான். அதில் இரண்டு பாட்டை எங்களுக்குப் போனில் படித்து அனுப்பினான், கொச்சியில் ஆடும்போது சேர்க்க முடியுமா என்று கேட்டு. நாற்பது நிமிடத்துக்குள் வராது. ஆனாலும் சேர்க்கப் போகிறோம், ஏரோதுவை இன்னும் கொஞ்சம் குறைத்து.

கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்கு முதல் இரண்டு ஒத்திகை இருக்கிறது. பதினாலு பேரும் வரவேணும்.